திருகோணமலை மேஜரும் எங்கள் அலுமாரித் தொலைகாட்டியும்



அம்பிட்டிய, கண்டி உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசித்தால் நல்லது.

எங்கள் பாடசாலைக்கு ஒரு தொலைகாட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் சிலர் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். நான்கு நாட்களாக வாட்ஸ்அப் குழுவில் தொலைகாட்டிப் படங்கள்தான். "சேர், இது 675 மடங்கு பெரிதாக்குமாம், இதையே எடுப்போமா?" என்று வெளிநாட்டில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இன்னொருவர், "கண்டியில் இருக்கிற வெளிச்சத்துக்கு எதை வாங்கினாலும் ஒன்றும் தெரியாது, அந்தக் காசுக்குக் கணினி வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முன்னர் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த 675 மடங்குத் தொலைகாட்டி எங்கள் பாடசாலையில் ஏற்கனவே இருக்கிறது. விஞ்ஞான ஆய்வுகூட அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. 12 வருடங்களுக்கு முன் அதை வாங்கச் சொன்னதே நான்தான். பெட்டியில் சனிக்கிரகத்தின் வளையம் வர்ணத்தில் இருந்தது. பெற்றோர்கள் நூறு, இருநூறாகத் தந்த காசு அது. முதல் நாள் இரவு 60 பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஸ்டேண்ட் ஆடியது. நட்சத்திரத்தைப் பிடித்தால் அது கண்ணுக்குள் தேனீ மாதிரி துள்ளியது. பிறகு மொத்தமாகக் காணாமல் போனது. ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை, "சேர், நீங்க பார்த்துட்டு எங்களுக்குச் சொல்லுங்க, போதும்" என்றது. என்மேல் இருந்த இரக்கத்தால் சொன்னது. இன்றைக்கும் மறக்கவில்லை.

என்ன பிழை என்று எனக்குப் பல வருடங்கள் விளங்கவில்லை. விளங்க வைத்தது விஞ்ஞானப் புத்தகம் அல்ல, வரலாறு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த 675 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். குழலின் குவியத்தூரம் 900 மில்லிமீற்றர். பார்வைத்துண்டு 4 மில்லிமீற்றர். 900ஐ 4ஆல் வகுத்தால் 225. பெட்டியில் இன்னொரு சின்னக் குழாய் வரும், அது மூன்று மடங்காக்கும். 225ஐ 3ஆல் பெருக்கினால் 675. கணக்குச் சரி, காட்சிதான் பிழை. ஒரு தொலைகாட்டி தெளிவாகத் தாங்கக்கூடிய உருப்பெருக்கம் அதன் வாயின் அகலத்தில்தான் தங்கியிருக்கிறது. ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பது வானம் பார்ப்பவர்களின் பழைய கணக்கு. எங்களுடையது 60 மில்லிமீற்றர். ஆக 120க்கு மேலே போனால் இருட்டும் கலங்கலும்தான். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டபோது அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 20 மடங்குதான்.

இனி வெளிச்சத்தின் கதை.

2022 மார்ச் கடைசி உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ரமழானுக்கு இன்னும் சில நாட்கள். ஷஃபான் மாதக் கடைசி என்பதால் வானத்தில் நிலவும் இல்லை. கேஸ் வரிசையில் நின்று களைத்துப்போய், வெக்கை தாங்காமல் மாடி ஸ்லெப்பில் பாய் விரித்துப் படுத்தோம். மேலே பார்த்த என் மகள், "வாப்பா, அது என்ன புகை?" என்றாள். மேற்கே ஒரியனில் தொடங்கி ஹந்தானைக்கு மேலாகத் தெற்குச் சிலுவை வரைக்கும் ஒரு வெள்ளைப் பட்டை. அது பால்வீதி. அம்பிட்டியவில் இத்தனை வருடம் இருந்தும் அவள் அதைக் கண்டதில்லை. நாட்டின் மிகக் கஷ்டமான நாட்களில் அல்லாஹ் எங்களுக்குக் காட்டிய காட்சி அது. மின்சாரம் வந்தவுடன் ஊர் முழுக்க "ஓ" என்று கத்தியது. பட்டை போய்விட்டது. நானும் சேர்ந்துதான் கத்தினேன், பொய் சொல்லக் கூடாது.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2016இல் வெளியான செயற்கை வெளிச்ச உலக வரைபடத்தின்படி, உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்கள் வீட்டிலிருந்து பால்வீதி தெரியாது. 2023இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் எண்ணிச் சொன்ன நட்சத்திரக் கணக்குகளை வைத்துப் பார்த்தார்கள். வானம் வருடத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வெளிச்சமாகிக்கொண்டே போகிறது. பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த இடத்தில், அந்தப் பிள்ளை 18 வயதாகும்போது 100தான் தெரியும். ஏஎல் எழுதி முடிப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விடும்.

ஆகவே "ஒன்றும் தெரியாது" என்று எழுதிய சகோதரர் கோபத்தில் சொன்னாலும் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். மற்றப் பாதிக்குத்தான் திருகோணமலைக்குப் போக வேண்டும்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அந்தப் பாதை போடப்பட்ட காலத்தில் இலங்கை ரயில்வேயின் தலைவராக இருந்தவர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வர்த். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்கும்போது அவரை நினைத்துக் கொள்ளலாம். அதே 1867இல் கொழும்பில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேர்சி. பெரியவனாகி பிரித்தானிய இராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து, மேஜராகி, திருகோணமலைக்கு வந்தான். பகலில் கோட்டை வேலை. இரவில் வியாழன்.

மேஜர் மோல்ஸ்வர்த்திடம் இருந்தது பன்னிரண்டரை அங்குலக் கண்ணாடித் தொலைகாட்டி. ஜோர்ஜ் கல்வர் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் செய்தது. வில்லை அல்ல, குழிவாடி. ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் அகலம். மோல்ஸ்வர்த் சம்பளம் வாங்கிய வானியலாளர் அல்ல. 1890இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய வானியல் சங்கம் என்ற ஆர்வலர் சங்கத்தில் சேர்ந்து, தன் குறிப்புகளைக் கப்பலில் அனுப்பிக் கொண்டிருந்தவர்.

அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும். வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை தன்னைத்தானே சுற்றிவிடும். அதன் முகத்தில் புள்ளிகளும் கறைகளும் உண்டு. ஒரு கறை நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுவது, அவ்வளவுதான். அடுத்த கறைக்கும் அப்படியே, அடுத்த இரவும் அப்படியே. ஆயிரக்கணக்கில் எழுதினார். அப்படி எழுதிக் கொண்டிருந்தபோது, 1901 பெப்ரவரியில், வியாழனின் தென்பகுதியில் முன்பு இல்லாத ஒரு கறையைக் கண்டார். அந்த மாதம் வியாழன் விடியப்புறத்தில்தான் உதிக்கும். ஆகவே சுபஹுக்கு முன்னர் எழும்பிப் பார்த்திருக்கிறார். அந்தக் கறை நீண்டு வளர்ந்து, புகழ்பெற்ற செம்புள்ளியைத் திரும்பத் திரும்பத் தாண்டி ஓடி, ஏறத்தாழ 40 வருடம் நீடித்தது. தென் வெப்பவலயக் குழப்பம் என்று வானியல் நூல்களில் அதற்குப் பெயர். கண்டுபிடித்த இடம் திருகோணமலை.

ஐரோப்பாவில் பெரிய பெரிய வானாய்வகங்கள் இருந்தன. ஏன் அவர்களுக்கு முதலில் தெரியவில்லை? அதிர்ஷ்டம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு பூகோளம். அந்த வருடம் வியாழன் தனுசுப் பக்கம், வானத்தின் தெற்குக் கோடியில் நின்றது. லண்டனில் இருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 15, 16 பாகை உயரம்தான். அங்கே காற்று தடிப்பு, படம் கொதிக்கும். திருகோணமலையிலோ 58 பாகைக்கு மேல். அது மட்டுமா, அந்த வருடம் வியாழன் பூமிக்கு மிக நெருங்கிய காலம் ஜூன் கடைசி. கண்டியில் நாங்கள் குடை பிடிக்கும் மாதம். கிழக்கில் கச்சான் காற்று வீசும், வானம் வெளிப்பாக இருக்கும்.

இதில் எங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அம்பிட்டியவும் 7 பாகை வட அகலாங்கில்தான். கோள்கள் எங்கள் தலைக்கு மேலாகத்தான் போகும். இந்த வசதியை எந்த வெளிச்சமும் கெடுக்க முடியாது. வியாழனும் சனியும் நிலாவும் போதிய பிரகாசம். தெருவிளக்கு நூறு எரிந்தாலும் வியாழனின் பட்டைகள் மறையாது. நகரம் திருடுவது மங்கலானவற்றை, பால்வீதியை, நெபுலாக்களை, வால்வெள்ளிகளின் வாலை. மேஜர் பார்த்தவற்றை அது தொடவில்லை.

மோல்ஸ்வர்த் ஓய்வு பெற்ற பிறகும் திருகோணமலையிலேயே தங்கினார். 1908 டிசம்பரில், 41 வயதில், அங்கேயே மரணித்தார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. எங்கள் நாட்டுப் பாடப்புத்தகத்தில் நான் கண்டதில்லை.

ஆங்கிலேய மேஜரை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. அதே காலத்தில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் அலன் ஆபிரகாம் என்றொரு தமிழ் ஆசிரியர் இருந்தார். காரைநகரைச் சேர்ந்தவர். 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதைக் கணித்து எழுதி, லண்டன் அரச வானியல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானவர். பாடசாலை ஆசிரியர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

அதற்கும் முன்னால் புதுச்சேரியில் நடந்த ஒன்று. ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சீயத்தில் அரசியல் கலவரம் வந்து அங்கிருந்து கிளம்பிப் புதுச்சேரிக்கு வந்தவர். 1689 டிசம்பரில் 12 அடித் தொலைகாட்டி ஒன்றால் வால்வெள்ளி ஒன்றைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பிரகாசமான நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். அது அல்ஃபா சென்டாரி. அதற்கு இன்னொரு பெயர் ரிஜில் கென்டாரஸ். ரிஜ்ல் என்றால் அரபியில் கால், மத்ரஸாப் பிள்ளைகளுக்குத் தெரியும். நட்சத்திரப் பெயர்களில் இப்படி அரபு நிறைய உண்டு. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி எழுதிய நட்சத்திர நூலைப் பற்றி இன்ஷா அல்லாஹ் வேறு பதிவில் எழுதுகிறேன், இங்கே தொடங்கினால் தஹஜ்ஜுத் வரைக்கும் போகும்.

தஹஜ்ஜுத் என்றதும் ஞாபகம் வருகிறது. மார்ச் மாதம் அந்த நேரத்தில் எழும்புகிறவர்கள் தெற்கே பாருங்கள். ஹந்தானைப் பக்கம் 22 பாகை உயரத்தில் ரிஷோ பார்த்த அதே நட்சத்திரம் நிற்கும். சிறிய தொலைகாட்டி ஒன்றே அதை இரண்டாகப் பிரித்துக் காட்டும். கண்டி நகர வெளிச்சம் எங்களுக்கு வடமேற்கே. தெற்கும் தலாத்துஓயாப் பக்கமும் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? அதற்கும் ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

ஜோன் டொப்சன். 1915இல் பீக்கிங்கில் பிறந்த அமெரிக்கர். இரசாயனம் படித்துவிட்டு, 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். துறவிக்குச் சொத்து இல்லை, தொலைகாட்டி வாங்கக் காசும் இல்லை. கப்பல் ஜன்னலில் இருந்து கழற்றிய பழைய கண்ணாடியை அரைத்து அரைத்துக் குழிவாடியாக்கினார். குழலுக்குக் கெட்டி அட்டை. ஸ்டேண்டுக்குப் பலகைப் பெட்டி. பீரங்கி மாதிரி மேலும் கீழும், இடமும் வலமும் அசையும், அவ்வளவுதான். இரவில் மடத்தை விட்டு வெளியே போய் அயல் பிள்ளைகளுக்கு வானம் காட்டினார். இதனாலேயே மடத்துக்குள் பிரச்சினை வந்து, 1967இல் வெளியேற்றப்பட்டார். அடுத்த வருடம் நடைபாதை வானியலாளர்கள் என்ற குழு பிறந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரின் தெருவிளக்குகளுக்குக் கீழே, நடைபாதையில், போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவையும் சனியையும் காட்டினார்கள். தன் வடிவத்துக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. 2014இல் 98 வயதில் இறந்தார். இன்று கடைகளில் டொப்சோனியன் என்று விற்பது அவருடைய அந்தப் பலகைப் பெட்டிதான்.

இதில் எனக்குப் பிடித்தது நகர நடைபாதையில் அவர் நிலவையும் சனியையும் காட்டியது. நகரத்தில் நின்றுகொண்டு காட்டக்கூடியதைத்தான் காட்டினார்.

எங்கள் பழைய தொலைகாட்டியின் ஸ்டேண்ட் வேறு வகை. அதன் அச்சை வடதுருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் ஒரு திருகிலேயே நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். ஐரோப்பாவில் அருமையான ஏற்பாடு. ஆனால் துருவ நட்சத்திரத்தின் உயரம் நாங்கள் இருக்கும் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவுதான். அம்பிட்டியவில் 7 பாகை. கையை நீட்டி நான்கு விரலைப் படுக்க வைத்தால் அந்த உயரம். மலைக்குப் பின்னால், நகர வெளிச்சத்துக்குள் அது. 12 வருடங்களுக்கு முன் நானும் 60 பிள்ளைகளும் அந்த நட்சத்திரத்தைத் தேடி முக்கால் மணித்தியாலம் வீணாக்கினோம். நகரத்துப் பிழை கொஞ்சம், பூகோளம் தெரியாத என் பிழை நிறைய.

ஆகவே குழுவில் கேட்டவர்களுக்கு என் அபிப்பிராயம். 150 மில்லிமீற்றர், அதாவது 6 அங்குலக் குழிவாடி, டொப்சோனியன் ஸ்டேண்ட். 1200 மில்லிமீற்றர் குவியத்தூரம் என்றால் 25, 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு இரண்டே போதும். ஒன்று 48 மடங்கு, மற்றது 120. 150ஐ விட 200 மில்லிமீற்றர் நல்லதுதான், ஆனால் யார் தூக்குவது? மூன்றாம் மாடி ஆய்வுகூடத்தில் இருந்து இறக்க இருவர் வேண்டும் என்றால், இரண்டாம் மாதமே அதுவும் அலுமாரிக்குப் போகும். மிச்சக் காசுக்கு 10 மடங்கு, 50 மில்லிமீற்றர் பைனாகுலர் இரண்டு எடுக்கலாம். பிள்ளைகள் முதலில் வானத்தில் வழி தெரிந்துகொள்ளட்டும்.

வெளிச்சத்தை வடிகட்டும் கண்ணாடி என்று ஒன்றை ஒருவர் அனுப்பியிருந்தார். பழைய மஞ்சள் சோடியம் விளக்குகள் குறிப்பிட்ட சில நிறங்களில் எரிந்தன, அவற்றை வெட்டலாம். இப்போது தெருவுக்குத் தெரு வருவது வெள்ளை எல்ஈடி. அது எல்லா நிறத்திலும் எரியும். வெட்டினால் நட்சத்திரமும் சேர்ந்து போகும். அந்தக் காசைச் சேமியுங்கள். அதற்குப் பதிலாக ஒரு சுவர் மறைவும் தலைக்குக் கறுப்புத் துணியும் போதும். கடைத்தெருவில் வானத்தைப் பார்த்து எரியும் பெரிய லைட்களைக் கொஞ்சம் கீழே திருப்பினால் கடைக்காரருக்கும் பாதை நன்றாகத் தெரியும். இதை நேரில் வந்து கேட்க யோசிக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விசயம். கண்டி ஈரத்துக்கு வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும், எங்கள் பழையதற்குப் பிடித்திருக்கிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பக்கெட் போட வேண்டும், அதை மாதம் ஒருமுறை பார்க்க ஒரு பிள்ளை பொறுப்பெடுக்க வேண்டும். அடுத்தது, ஸ்லெப்பில் வைக்க வேண்டாம். பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கொங்கிரீட் இரவில் விடும், படம் கொதிக்கும். புல் தரைதான் நல்லது.

நாட்டிலேயே பெரிய தொலைகாட்டிகளில் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி, 1996 முதல் மொரட்டுவ கட்டுபெத்தையில், ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில். கொழும்பின் வெளிச்சத்துக்கு உள்ளேயே.

எல்லோரும் போயா இரவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள், லீவு நாள் என்பதால். வேண்டாம். பூரணை நிலா தொலைகாட்டியில் சப்பாத்தி மாதிரி தட்டையாகத்தான் தெரியும், நிழலே இருக்காது. பிறை 7, 8இல் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும். எங்களுக்கு ஹிஜ்ரி நாள்காட்டி கையில் இருக்கிறது, தனியாக அட்டவணை தேவையில்லை.

புதியது வரும்வரை பழையதைச் சும்மா விடவில்லை. போன வாரம் அந்த 4 மில்லிமீற்றர் துண்டையும் மூன்று மடங்குக் குழாயையும் கழற்றி லாச்சிக்குள் போட்டேன். 25 மில்லிமீற்றர் துண்டை மட்டும் வைத்தேன், 36 மடங்கு. எங்கள் தச்சு வேலைக்கார மாமா ஒருவர் ஆடும் ஸ்டேண்டுக்குப் பதிலாகப் பலகைப் பெட்டி ஒன்று அடித்துத் தந்தார், கூலி வாங்கவில்லை. வில்லையைத் துடைத்துப் பார்த்தேன். பூஞ்சணம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் நிலாவின் பள்ளங்கள் ஆடாமல் நின்றன.

அடுத்த மாதம் பிறை 8, இஷாவுக்குப் பிறகு, பாடசாலை மைதானம். பெண் பிள்ளைகளின் பெற்றோரும் கூட வரலாம். கொப்பியும் பென்சிலும் மணிக்கூடும் கொண்டு வாருங்கள், மேஜரின் வேலையை நாங்களும் செய்து பார்ப்போம். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக் கொண்டு வாருங்கள். 12 வருடங்களுக்கு முன் அந்த வரிசையில் நின்றவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு வரிசை இல்லை, நேராக முன்னால் வாருங்கள். மழை என்றால் மறுநாள்.